ரேகை வளர்த்த நாட்கள்

கண்ணாடித் தகட்டில் நாலு விரலையும் வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
துடைச்சிட்டு வைங்க சார்.
சிவப்பு.
கொஞ்சம் அழுத்தி.
பதினேழு வருஷமாக இரும்பை அழுத்தின கை,
இதுக்கு மேல் அழுத்தினால் மிஷின் உடையும்மா.

உங்களுக்கு ரேகையே இல்லையே என்றாள்
மூன்றாம் கவுண்டர் பெண்,
சில்லறை இல்லை என்பதுபோல.
என்ன வேலை பாக்குறீங்க?

கோப்பைத் திறந்து காட்டினேன்.
சாய்ந்த குழாயைச் சுற்றி
மல்லாந்து, குப்புற, மூச்சைப் பிடித்து
நான் ஓட்டிய வெல்டிங்கின் எக்ஸ்ரே.
ஒரு குமிழி கிடையாது.
இதற்குத்தான் அங்கே கூப்பிடுகிறார்கள்.
இதில்தான் ரேகையும் போயிற்று.
வேண்டுமானால் மணலியில் எந்த டேங்கையாவது
தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்,
தையல் ஓரத்தில் கிடைக்கும்.

அவள் சிரித்தாள். விதியையும் சொன்னாள்:
பத்து நாள் வேலை வேண்டாம்.
ராத்திரி தேங்காய் எண்ணெய்.
சோப்பு, சுடுதண்ணி ஆகாது.
வளர்ந்துடும் சார்.

கடிதத்தில் கொடுத்த முப்பது நாளில்
பதினெட்டு போயிருந்தது.
முப்பத்தொன்பதில் விண்ணப்பித்தவன் நான்.
வயசுக்கு அவர்கள் போடும் மதிப்பெண்
காசிமேட்டு மீன் மாதிரி,
வெயில் ஏற ஏற விலை இறங்கும்.

எர்ணாவூரில் ஒரு ஆம்பளை
பட்டப்பகலில் வீட்டில் இருந்தால்
ஒன்று காய்ச்சல், இல்லை போலீஸ்.
இன்னா டில்லி, கை ஒடிஞ்சிச்சா?
இல்லக்கா, வளக்குறேன்.
பாஷா பாய் போன் பண்ணினார்:
அத்திப்பட்டுல ஷட்டவுன், ஆறு நாள், ரெட்டைக் கூலி.
கை வளக்குறேன் பாய்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அப்புறம், உடம்பைப் பாத்துக்கப்பா என்று வைத்துவிட்டார்.

கோமளா என்னைப் பாத்திரம் கழுவ விடவில்லை.
இதுக்கு முன்னாடி கழுவுனா மாதிரி, என்று
அவளே சொல்லிக்கொண்டாள்.
அவள் காதில் வேப்பங்குச்சி.
கம்மல் விண்ணப்பக் கட்டணமாகி மூணு மாசம்.
எண்ணெய் தடவும்போது
ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பாள்,
அரிசியில் கல் தேடுகிறவள் மாதிரி.
அங்க ரொம்பக் குளுராமே, என்பாள்.
என்னிடம் இல்லை, கையிடம்.

கையுறை கழற்றின கைக்கு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
எதையாவது தொட்டுக்கொண்டே இருந்தது.
கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடியில்
யாரோ அவசரத்தில் அடித்த பற்று, முழுக்கப் பொத்தல்.
கண்ணை மூடிக்கொண்டே சொன்னேன்,
இது தனகோட்டி வேலை.

ஆறாம் நாள்.
கரித்தூள் படிந்த ஜன்னல் விளிம்பு,
காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி கறுக்கும்.
சும்மா கட்டைவிரலை வைத்து எடுத்தேன்.
பாதிச் சுழி.
கோமளா, என்று கத்தினேன்.
குக்கரை இறக்கிவிட்டு ஓடி வந்தாள்,
சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்காவும்.
மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
அன்றைக்கு அவள் ஜன்னலைத் துடைக்கவில்லை.

அன்றிலிருந்து தினம் ஒன்று,
கரியில் தொட்டு காலண்டர் தாளின் முதுகில்.
ரித்திகா அதற்கெல்லாம் கால் வரைந்தாள்,
இரண்டு கொடுக்கு, முட்டைக் கண்.
நண்டுப்பா.
இன்னிக்கு நண்டு குண்டா இருக்கு.

பதினோராம் நாள் பச்சை.
அடுத்த டோக்கன், என்றாள் அந்தப் பெண்.
அவ்வளவுதான்.

விசா வர எட்டு மாசம் ஆகலாம் என்கிறார்கள்.
வாடகை ஐந்தாம் தேதியே வந்துவிடும்.
மறுநாளே மணலியில் ராடு பிடித்தேன்.
ஒரு வாரத்தில் சுழி மழுங்கிற்று.

அங்கே இறங்கியதும்
மறுபடி விரலை வைக்கச் சொல்வார்களாம்.
கோப்பில், சான்றிதழ்களுக்குப் பின்னால்,
அந்த ஐந்து நண்டுகளையும்
மடித்து வைத்திருக்கிறேன்.